பொருள்: 'மாரல் ஹஸார்டு' தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

மடல் 1: நுண்பொருளியல் ஆசிரியை

குழுவினருக்கு வணக்கம்.

முதுநிலை நுண்பொருளியல் கோட்பாட்டுக்குத் தமிழில் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். நுகர்வோர், உற்பத்தி, பொதுச் சமநிலை, விளையாட்டுக் கோட்பாடு வரை முடிந்துவிட்டது. பயன்பாடு, இறுதிநிலை, சமநோக்கு வளைகோடு என்று பள்ளிப் பாடநூல் சொற்களே பெரும்பாலும் கைகொடுத்தன. தகவல் பொருளியல் அலகுக்கு வந்ததும் நின்றுவிட்டேன். 'மாரல் ஹஸார்டு' என்பதை என்னவென்று எழுதுவது? குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. திங்கள் வகுப்பு.

பொருளியல் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: ஒருவர் இன்னொருவரிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறார். ஒப்படைத்தவரை முதல்வர் என்றும் ஏற்றவரை முகவர் என்றும் எழுதியிருக்கிறேன். முகவர் எவ்வளவு உழைத்தார் என்பதை முதல்வரால் பார்க்க முடியாது, விளைவை மட்டும் பார்க்கலாம். விளைவோ உழைப்போடு தற்செயலும் கலந்து வருவது. அதனால் 'இவ்வளவு உழைத்தால் இவ்வளவு கூலி' என்று ஒப்பந்தம் எழுத வழியில்லை. விளைவுக்குத்தான் கூலி பேச முடியும். இதனால் வரும் சிக்கலுக்குத்தான் இந்தப் பெயர்.

கையிலிருக்கும் வரைவுகள்: ஒழுக்கக் கேடு, அறநெறி இடர், நடத்தை இடர். மூன்றிலும் எனக்கு நிறைவில்லை. இதன் உடன்பிறப்பான 'அட்வர்ஸ் செலக்‌ஷன்' என்பதற்கும் ஒரு சொல் வேண்டும். (ஒப்பந்தத்துக்கு முன்பே மற்றவரின் தரம் தெரியாததால், தரம் குறைந்தவர்களே வந்து சேரும் சிக்கல் அது.) அது இதைவிட எளிது என்று நினைக்கிறேன்.

மடல் 2: ஆய்வு மாணவர்

அம்மா, ஒழுக்கக் கேடு மட்டும் வேண்டவே வேண்டாம். அறநெறியும் வேண்டாம். இந்தக் கருத்து பொருளியலுக்குள் எப்படி வந்தது என்று பார்த்தாலே காரணம் புரியும். கென்னத் ஆரோ 1963இல் மருத்துவக் காப்பீடு பற்றிய கட்டுரையில் இதை எடுத்துப் பேசினார். காப்பீடு இருந்தால் மருத்துவச் செலவு கூடுகிறது என்பது அவருடைய கவலைகளில் ஒன்று. 1968இல் மார்க் பாலி அதற்கு எழுதிய மறுமொழியின் சாரம் இதுதான்: அந்தச் செலவு கூடுவதில் ஒழுக்கக் குறைவு எதுவும் இல்லை, தன் கையிலிருந்து கொடுக்கும் விலை குறைந்தால் எவரும் கூடுதலாகத்தான் வாங்குவார்கள், இது வெறும் தேவைக் கோடு.

அதற்குப் பிறகு வந்த கோட்பாடு முழுவதும் இந்த வழியில்தான் போகிறது. முகவரை யாரும் குற்றம் சாட்டுவதில்லை. தனக்கு நல்லதை அவர் தேர்கிறார், அவ்வளவுதான். தமிழில் 'ஒழுக்கம்' என்று தொடங்கினால் மாணவர் முதல் வரியிலேயே தவறான வாசல் வழியாக நுழைந்துவிடுவார்.

மடல் 3: காப்புறுதித் துறையில் இருப்பவர்

தம்பி சொல்வது பொருளியலுக்குச் சரி. ஆனால் சொல் பிறந்த இடம் எங்கள் துறை. தீக்காப்புறுதி எழுதியவர்கள் இரண்டு வகை ஆபத்தைப் பிரித்தார்கள். மரக்கூரை, பக்கத்தில் வெடிமருந்துக் கிடங்கு போன்றவை பொருள் சார்ந்தவை. காப்புறுதி எடுத்தவரின் குணமும் நடத்தையும் சார்ந்தவை இன்னொரு வகை. அந்த இரண்டாவதற்குத்தான் 'மாரல்' என்ற அடைமொழி. ஒழுக்கத்தை எடைபோட்டுத்தான் அந்தச் சொல்லை வைத்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பொருளியலாளர்கள் பின்னால் அதைக் கழற்றிவிட்டார்கள்.

எனக்கு உறுத்துவது அந்த அடைமொழி அல்ல, 'இடர்'. எங்களிடம் மூன்று சொற்கள் உண்டு, மூன்றும் வேறு. தீ என்பது இழப்பைத் தரும் காரணம். தீப்பற்றும் வாய்ப்பைக் கூட்டுகிற நிலைமை வேறொன்று, அதுதான் 'ஹஸார்டு'. இழப்பு வருமா வராதா என்ற நிச்சயமின்மை மூன்றாவது, அதுதான் 'ரிஸ்க்'. தமிழில் 'ரிஸ்க்' என்பதற்கு இடர் என்று ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். அதே சொல்லை இங்கேயும் போட்டால், இடர் தவிர்க்கும் முகவர் நடத்தை இடரில் ஈடுபடுகிறார் என்று எழுத வேண்டி வரும். படிப்பவருக்குத் தலை சுற்றும்.

மடல் 4: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அன்புடையீர்,

இத்தனை தொலைவு போவானேன்? வள்ளுவரிடம் ஆயத்தமாக ஒரு சொல் இருக்கிறது. பொருட்பாலில் 54ஆம் அதிகாரம், பொச்சாவாமை. பொச்சாப்பு என்பது வெறும் மறதி அன்று. செல்வமும் வலிமையும் தந்த மகிழ்ச்சியில் தன்னைக் காத்துக்கொள்வதிலும் சோர்ந்துபோவது என்ற கருத்தில் பரிமேலழகர் அதிகாரத்தை விளக்குகிறார். காப்பு கிடைத்ததனால் காவலைத் தளர்த்துவது! நீங்கள் தேடும் பொருள் இதுவல்லவா?

'அச்ச முடையார்க்கு அரணில்லை ஆங்கில்லை
பொச்சாப் புடையார்க்கு நன்கு'

அரண் என்ற சொல்லையே பக்கத்தில் வைத்திருக்கிறார், பாருங்கள்.

வேரையும் பார்ப்போம். பொத்து என்றால் துளை, குறை. 'பலர்நின்று போற்றினும் பொத்துப் படும்' என்பது 468ஆம் குறள். பொத்து, பொச்சு, பொச்சாத்தல் என்று வந்திருக்கலாம் என்பது என் நெடுநாளைய கருத்து. த்து, ச்சு ஆவது தமிழுக்குப் புதிதன்று: வைத்து, வச்சு, தைத்து, தச்சு. கவனத்தில் விழும் ஓட்டையே பொச்சாப்பு. அகராதிகள் இதை இப்படிச் சொல்லவில்லை என்றாலும் பொருத்தம் கண்ணுக்குத் தெரிகிறது. பொள், பொள்ளல், பொந்து, பொத்தல் எல்லாம் இந்தக் குடும்பமே. வேண்டுமானால் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

மடல் 5: ஆய்வு மாணவர்

ஐயா, அதிகாரம் அழகு. ஆனால் இரண்டு தடைகள்.

முதலாவதை மரியாதையோடு சொல்கிறேன். அந்தச் சொல்லின் முன்பாதி பேச்சுவழக்கில் எப்படிக் கேட்கும் என்பது உங்களுக்கே தெரியும். வகுப்பில் ஆசிரியை அதை ஒரு மணிநேரம் உச்சரிக்க வேண்டும்.

இரண்டாவதுதான் முக்கியம். எங்கள் முகவர் மறக்கவில்லை, மகிழ்ச்சியில் மயங்கவும் இல்லை. முழு விழிப்போடு கணக்குப் போடுகிறார். கூடுதல் உழைப்பால் தனக்கு வரும் நன்மை, அந்த உழைப்பின் நோவைவிடக் குறைவு என்றால் உழைக்க மாட்டார். இந்தக் கணக்கை ஒரு சமனிலியாக எழுதி ஒப்பந்தத்துக்குள் வைப்பதுதான் பாடமே. அவர் மறதிக்காரர் என்றால் அந்தச் சமனிலியை எழுதவே முடியாது.

மடல் 6: உரைநூல்கள் படிப்பவர்

தம்பியின் இரண்டாம் தடைக்கு வள்ளுவரே சாட்சி. 199ஆம் குறள்: 'பொருள்தீர்ந்த பொச்சாந்துஞ் சொல்லார்'. பயனற்ற சொல்லை மறந்தும் சொல்ல மாட்டார்கள் என்பது பொருள். பொச்சாந்து என்றால் தன்னை அறியாமல் என்பது இங்கே தெளிவு. அறிந்து செய்யும் கணக்குக்கு அது பொருந்தாது, ஐயா.

வள்ளுவரிடம் சொல் தேடுவதானால் 52ஆம் அதிகாரத்துக்குப் போக வேண்டும், தெரிந்து வினையாடல். 'இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து அதனை அவன்கண் விடல்' எல்லோருக்கும் தெரிந்த குறள். இது ஆளைத் தேர்வதைப் பற்றியது, அதாவது ஒப்பந்தத்துக்கு முன்னால் இருக்கும் சிக்கல். ஆசிரியை கேட்ட இரண்டாவது சொல் இங்கேதான் வரும். 'விடல்' என்ற சொல்லோடு அது முடிந்து, முதல் சிக்கல் தொடங்குகிறது. விட்ட பிறகு அவன் என்ன செய்கிறான் என்று யார் பார்ப்பது? அதே அதிகாரத்தின் கடைசிக் குறள் அதற்குத்தான்: 'நாடோறும் நாடுக மன்னன் வினைசெய்வான் கோடாமை கோடாது உலகு'. நாள்தோறும் கண்காணி என்கிறார். கண்காணிக்க முடியாவிட்டால் என்ன செய்வது என்பது இன்றைய பொருளியல் கேட்கும் கேள்வி.

ஆகவே 'வினை' என்பதை அடிச்சொல்லாக வைப்போம். என் முன்மொழிவு: மறைவினை. மாஸ்-கோலெல், வின்ஸ்டன், கிரீன் மூவரும் 1995இல் வெளியிட்ட பாடநூலில் 14ஆம் அதிகாரம் இதைச் செயல் மறைவது, தகவல் மறைவது என்று இரண்டாகப் பிரிக்கிறது. அதற்கும் இது ஒத்துவரும்: மறைவினை, மறைத்தகவல்.

மடல் 7: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாய் என்கிறோம், ஊறுக்காய் என்பதில்லை. மறைதகவல் என்றே எழுத வேண்டும். இது சிறு திருத்தம்.

பெரிய தடை வேறு. இலக்கணத்தில் 'மறை' என்றால் எதிர்மறை. உண்ணான், வாரான் என்பவை மறைவினைகள். இலக்கணம் படித்தவர் மறைவினை என்று கேட்டதும் செய்யாமையை நினைப்பார். முகவர் வேலையே செய்யவில்லை என்று ஆகிவிடும். இன்னொன்று, மறைந்த வினையா, மறைத்த வினையா? வினைத்தொகை இரண்டுக்கும் இடம் கொடுக்கும். மறைத்த என்று கொண்டால், நீங்கள் வாசலில் நிறுத்திய ஒழுக்கக் குற்றம் பின்கதவு வழியாக உள்ளே வந்துவிடுகிறது. முகவர் எதையும் ஒளிக்கவில்லை, முதல்வரின் கண்ணுக்கு எட்டவில்லை என்பதுதானே செய்தி?

கரவு, கரத்தல் என்று போகலாமா என்று யோசித்தேன். கரந்துறைப் பாட்டு என்று ஒரு சித்திரகவி வகை உண்டு. ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் இன்னொரு செய்யுள் ஒளிந்திருக்கும். அங்கே கரத்தலில் வஞ்சம் இல்லை. ஆனால் மூதுரை 'நெஞ்சிற் கரவுடையார்' என்று பாடிவிட்டதே. அந்தச் சொல்லில் நஞ்சு ஏறிவிட்டது. விட்டுவிடுவோம்.

மடல் 8: கணிதம் கற்பிப்பவர்

எனக்கு இலக்கணம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் 'மறை' தவறு என்பதற்கு மாதிரியின் உள்ளேயே ஒரு காரணம் இருக்கிறது. இந்தப் பாடத்தில் மாணவர்கள் மிகவும் தடுமாறும் இடமும் அதுதான். கொஞ்சம் விரிவாக எழுத விடுங்கள்.

முகவர் இடரை வெறுப்பவர், முதல்வர் அதைப் பற்றிக் கவலைப்படாதவர் என்று வைப்போம். உழைப்பைப் பார்க்க முடிந்தால் முகவருக்கு நிலையான கூலி கொடுத்து, இடர் முழுவதையும் முதல்வரே ஏற்றுக்கொள்வதுதான் சிறந்தது. பார்க்க முடியாதபோது நிலையான கூலி கொடுத்தால் முகவர் உழைக்க மாட்டார். ஆகவே கூலி விளைவோடு ஏறி இறங்க வேண்டும். இடரில் ஒரு பங்கை முகவர் சுமக்கிறார், அதற்கு ஈடாகச் சராசரிக் கூலி உயர்கிறது. அந்த உயர்வுதான் பார்க்க முடியாமைக்குக் கொடுக்கும் விலை. (முகவரும் இடருக்கு அஞ்சாதவர் என்றால் இந்த விலையே இல்லை. நிலையான ஒரு தொகையை வாங்கிக்கொண்டு முழு விளைவையும் அவரிடமே விட்டுவிடலாம்.)

இப்போது கவனியுங்கள். இந்த ஒப்பந்தத்தை எழுதிய முதல்வருக்கு, முகவர் கடுமையாகத்தான் உழைக்கிறார் என்பது தெரியும். உழைப்பதே லாபம் என்று ஆகும்படி அவர்தானே கணக்குப் போட்டு அமைத்தார்? விளைவு மோசமாக வந்தால் அது தற்செயல் என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்தும் கூலியைக் குறைத்தாக வேண்டும். குறைக்கவில்லை என்றால் ஒப்பந்தத்தின் பிடி போய்விடும், முகவர் உழைக்க மாட்டார். 1979இல் பெங்ட் ஹோம்ஸ்ட்ரம் காட்டியதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்: முகவரின் செயலைப் பற்றிப் புதிதாக ஏதாவது சொல்லும் எந்த அளவையும் கூலிக்குள் சேர்ப்பது பயன் தரும். ஆனால் சமநிலையில் முதல்வர் அந்த அளவையிலிருந்து புதிதாக எதையும் தெரிந்துகொள்வதில்லை. முகவரின் ஊக்கத்துக்காகத்தான் அது இருக்கிறது.

ஆக, இங்கே எதுவும் மறைந்திருக்கவில்லை. முதல்வர் காணவில்லை, ஆனால் அறிவார். மறைவினை என்று சொன்னால் மாணவர் துப்பறியும் கதையை நினைப்பார், நல்ல விளைவு வந்தவர் உழைத்தவர், மோசமான விளைவு வந்தவர் ஏமாற்றியவர் என்று எழுதுவார். என் பரிந்துரை: காணாவினை.

மடல் 9: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

கணித ஆசிரியர் இலக்கணம் தெரியாது என்று தொடங்கி நல்ல இலக்கணம் எழுதியிருக்கிறார். காணாத வினை, காணா வினை: ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். வகரத்தின் முன் மிகுதல் இல்லை. 'வினை காணாது' என்று யாராவது தவறாகக் கொள்வார்களா என்று பார்த்தேன், மாட்டார்கள். உண்ணாச் சோறு என்றால் சோறு உண்ணவில்லை என்று எவரும் நினைப்பதில்லை.

அதைவிட எனக்குப் பிடித்தது வேறு. நம் அளவை நூல்கள் காண்டல் வேறு, கருதல் வேறு என்று பிரிக்கின்றன. மலையில் புகை தெரிகிறது, தீ கண்ணில் படவில்லை. தீ இருப்பது கருதலால் தெரிகிறது. இந்த முதல்வருக்குக் காண்டல் இல்லை, கருதல் உண்டு. காணாவினை என்ற சொல் இந்த வேறுபாட்டை அப்படியே பிடித்துக்கொள்கிறது. பொச்சாப்பை நான் விடுவது இதனால்தான், தம்பி சொன்ன முதல் காரணத்தால் அல்ல.

ஒரு தயக்கம் மட்டும். வினை என்றதும் ஊழ்வினை நினைவுக்கு வரும். காணாவினை என்பது முற்பிறப்பில் செய்தது போல ஒலிக்கவில்லையா? காணாமுயற்சி என்று வைக்கலாமே.

மடல் 10: ஆய்வு மாணவர்

முயற்சி வேண்டாம், ஐயா. செயல் எப்போதும் உழைப்பாகவே இருப்பதில்லை. கடன் வாங்கியவர் எந்தத் திட்டத்தில் பணத்தைப் போடுகிறார் என்பதும் காணாவினைதான். வட்டி ஏறினால் கடன் வாங்கியவர்கள் ஆபத்து மிகுந்த திட்டத்துக்குத் தாவுவார்கள் என்று ஸ்டிக்லிட்ஸும் வைஸும் 1981இல் காட்டினார்கள். அதில் உழைப்பு எங்கே இருக்கிறது? வினை என்ற சொல்லின் அகலம் தேவை.

சொல்லின் மேல் எனக்குத் தடை இல்லை. ஆனால் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். 'மாரல் ஹஸார்டு' என்றே தமிழ் எழுத்தில் எழுதினால் என்ன? இந்த வகுப்பில் இருப்பவர்கள் அடுத்த மாதமே மூலக் கட்டுரைகளைப் படிக்கப் போகிறார்கள். அங்கே காணாவினை இருக்காது. நாம் நல்ல சொல் செய்து கொடுக்கிறோம், அவர்கள் அதை மனதுக்குள் திரும்ப மாற்றிக்கொண்டே படிக்க வேண்டியிருக்கிறது. நான் அப்படித்தான் படித்தேன், அந்தச் சுமை எனக்குத் தெரியும்.

மடல் 11: உரைநூல்கள் படிப்பவர்

அந்தச் சுமை உண்மை. ஆனால் ஒலிபெயர்ப்பு அதைக் குறைக்காது, தள்ளிப்போடும். 'மாரல்' என்பதை ஒழுக்கம் என்று ஒவ்வொரு மாணவரும் தானாகவே பெயர்த்துக்கொள்வார், நீங்கள் இரண்டாம் மடலில் எச்சரித்த அதே தவறான வாசல். ஆங்கிலத்தில் படிப்பவர்களும் அங்கே இடறுகிறார்கள். அந்த மூவர் பாடநூலே இந்தச் சொல் எல்லோராலும் ஒரே பொருளில் ஆளப்படுவதில்லை என்று குறிப்பு எழுத வேண்டியிருந்தது. சிலர் செயல் தெரியாததற்கு மட்டும் சொல்கிறார்கள், சிலர் ஒப்பந்தத்துக்குப் பின் தகவல் தெரியாததையும் சேர்த்துக்கொள்கிறார்கள். மூலத்திலேயே குழம்பிய சொல்லை நாம் ஏன் அப்படியே சுமக்க வேண்டும்? தமிழில் புதிதாகத் தொடங்குபவருக்கு இருக்கும் ஒரே வசதி, பெயரையே விளக்கமாக வைக்கலாம் என்பதுதான். அதைக் கைவிடக் கூடாது.

மடல் 12: நுண்பொருளியல் ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. இன்று வியாழன், முடிவெடுத்தாக வேண்டும். குறிப்பில் காணாவினை என்று போடுகிறேன், சிக்கலின் முழுப்பெயர் காணாவினைச் சிக்கல். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் மாரல் ஹஸார்டு என்பதும் பக்கத்தில் இருக்கும், தம்பியின் மாணவர்களுக்காக. தகவல் வகைக்கு மறைதகவல். தகவல் உண்மையிலேயே முதல்வருக்குத் தெரியாதது, ஆகவே அங்கே மறை பொருந்துகிறது. கணித ஆசிரியர் எழுதிய பத்தியின் சாரத்தை அவர் அனுமதியோடு அலகின் தொடக்கத்தில் வைக்கிறேன்.

'அட்வர்ஸ் செலக்‌ஷன்' என்பதற்கு யாரும் தனியாக எழுதவில்லை, நானே தீர்மானித்தேன்: பாதகத் தெரிவு. தேர்வு என்றால் மாணவருக்குப் பரீட்சை நினைவு வரும், தெரிவு தெளிவாக இருக்கிறது. 1970இல் அக்கர்லாஃப் எழுதிய பழைய கார் சந்தை எடுத்துக்காட்டில் போட்டுப் பார்த்தேன், வாக்கியம் தடையில்லாமல் ஓடுகிறது.

மடல் 13: காப்புறுதித் துறையில் இருப்பவர்

பாதகத் தெரிவு எங்களிடம் ஏற்கெனவே புழங்கும் வடிவத்துக்கு நெருங்கியது, மகிழ்ச்சி. காணாவினைக்கு மட்டும் என் ஒப்புதலைச் சேர்க்க வேண்டாம்.

எங்கள் அன்றாட வேலையில் இழப்பீட்டு வழக்குகளைப் பாருங்கள். பல நேரங்களில் காப்புறுதி எடுத்தவர் கவனக்குறைவாக இருந்ததை எங்கள் ஆய்வாளர் நேரிலேயே காண்கிறார். இரு தரப்புக்கும் தெரியும். ஆனால் நீதிமன்றத்தில் நிறுவ முடியாது, ஆகவே ஒப்பந்தத்தில் அதை நிபந்தனையாக எழுதிப் பயனில்லை. காணப்பட்ட வினை, ஆனால் நிறுவ முடியாத வினை. சிக்கல் அதேதான். 1986இல் கிராஸ்மனும் ஹார்ட்டும் தொடங்கிவைத்த முழுமையுறா ஒப்பந்தக் கோட்பாடு, அதாவது எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதிவிட முடியாது என்பதிலிருந்து தொடங்கும் கோட்பாடு, இந்த இடத்தில்தான் நிற்கிறது. ஆசிரியையின் பாடத்திட்டத்தில் அது அடுத்த பருவத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அங்கே போனதும், காணாமைதான் சிக்கலின் வேர் என்று இந்தச் சொல் கற்றுக்கொடுத்ததை அழித்து எழுத வேண்டி வரும்.

நிறுவாவினை என்பதையும் பட்டியலில் வையுங்கள். இரண்டையும் அருகருகே வைத்து வேறுபாடு சொல்லும் ஒரு பத்தி குறிப்பில் இருந்தால் என் தடையை விலக்கிக்கொள்கிறேன். நாளை மாலைக்குள் அந்தப் பத்தியை நானே எழுதி அனுப்ப முடியும்.